சாதனம் சொல்லும் எண், கெர்னல் தேடும் டிரைவர்

வணக்கம் நண்பர்களே.

ஒரு யூஎஸ்பி சாதனத்தைக் கணினியில் செருகுகிறோம். ஓரிரு நொடியில் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் அதை ஆராய்ந்து, இது கீபோர்டு, இது கேமரா என்று கண்டுபிடித்துவிட்டதாகத்தான் பலரும் நினைக்கிறோம். ஆனால் கெர்னல் செய்வது அதைவிட எளிமையானது. "நீ யார்?" என்று கேட்கிறது. சாதனம் ஓர் எண்ணைச் சொல்கிறது. அந்த எண்ணை நம்பித்தான், சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடுகிறது. இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கேட்கவே வழியில்லாத காலம் ஒன்று இருந்தது. கணினிக்குள் செருகும் பழைய ஐஎஸ்ஏ கார்டுகளுக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தெரியாது. அதனால் டிரைவர் சில முகவரிகளில் எதையாவது படித்தும் எழுதியும் பார்த்து, தன்னுடைய கார்டு அங்கே இருக்கிறதா என்று தேடும். அந்த முகவரியில் வேறொரு கார்டு இருந்துவிட்டால் கணினியே உறைந்து நின்றுவிடக்கூடும். பிசிஐ என்ற புதிய கார்டு இணைப்பும் யூஎஸ்பியும் வந்தபிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. இரண்டிலும் 16 பிட்டில் நிறுவன எண், 16 பிட்டில் பொருள் எண், அப்புறம் சாதனம் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்ற குறிப்பு. யூஎஸ்பியில் வகுப்பு 3 என்றால் கீபோர்டு, மவுஸ் போன்றவை. 8 என்றால் சேமிப்புக் கருவி. எந்த நிறுவனத்தின் பென் டிரைவாக இருந்தாலும் தனி டிரைவர் தேவைப்படாததற்கு இந்த வகுப்பு எண்தான் காரணம்.

சரி, எண் கிடைத்துவிட்டது. டிரைவர் எங்கிருந்து வருகிறது? லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களின் அட்டவணையை நிரலுக்குள்ளேயே வைத்திருக்கும். மாட்யூல்களை, அதாவது தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றிக்கொள்ளும் டிரைவர் கோப்புகளை, நிறுவும்போது டெப்மாட் என்ற கருவி இந்த அட்டவணைகளையெல்லாம் திரட்டி ஒரே கோப்பில் எழுதி வைக்கிறது. புதுச் சாதனம் வந்ததும் கெர்னல் அதன் எண்களைக் கோத்து ஓர் எழுத்துச் சரமாக்கி, யூடெவ் என்ற நிரலுக்கு அறிவிக்கிறது. அந்தச் சரம் கோப்பில் எந்த வரியோடு பொருந்துகிறதோ, அந்த மாட்யூல் நினைவகத்தில் ஏறுகிறது. இவ்வளவும் வெறும் எழுத்து ஒப்பீடுதான். சாதனத்தை இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதனை அடுத்த கட்டத்தில் நடக்கிறது. எண் பொருந்திய டிரைவரின் புரோப் என்ற செயல்கூற்றைக் கெர்னல் அழைக்கிறது. டிரைவர் முதன்முதலாகச் சாதனத்தைத் தொட்டுப் பார்ப்பது இங்கேதான். புரோப் சுழியம் என்று பதில் தந்தால் சாதனம் அந்த டிரைவருடையது. "இது என்னுடையதல்ல" என்று அது விலகினால் கெர்னல் அடுத்த டிரைவரிடம் போகும். 2012-இல் மூன்றாவது பதில் ஒன்றும் சேர்ந்தது: "எனக்கு மின்சாரம் தரும் சாதனம் இன்னும் தயாராகவில்லை, பிறகு கூப்பிடு." ஒன்றையொன்று சார்ந்த சின்னச் சின்னச் சில்லுகள் (சிப்கள்) நிறைந்த கைபேசிப் பலகைகளுக்கு இது பெரிய நிம்மதி. அந்தப் பலகைகளில் ஐ2சி போன்ற எளிய இணைப்புக் கம்பிகளில் இருக்கும் சில்லுகளுக்குத் தம் பெயரைச் சொல்லும் வசதியே கிடையாது. அவற்றுக்காகப் பலகையை வடிவமைத்தவரே டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பில் பெயர்களை எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

இரண்டு டிரைவர்கள் ஒரே சாதனத்துக்குப் பொருந்தினால்? விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் தரவரிசை போட்டுச் சிறந்ததைத் தேர்கிறது. மேக்கில் டிரைவர்கள் மதிப்பெண் சொல்லிப் போட்டியிடுகின்றன. லினக்ஸில் முதலில் வந்து வெற்றிகரமாகப் பற்றிக்கொண்டதற்கே சாதனம். இது லினக்ஸின் பலவீனம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் டிரைவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் பராமரிக்கப்படுவதால், மோதல் வந்தால் அட்டவணையைத் திருத்திச் சமாளித்துவிடுகிறார்கள்.

இந்த எண்ணுக்கு எவ்வளவு அதிகாரம் என்பது 2014 அக்டோபரில் வெளிப்பட்டது. யூஎஸ்பியைப் பழைய சீரியல் இணைப்பாக மாற்றித் தரும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில்லுகளைப் போலவே செய்யப்பட்ட போலிகள் சந்தையில் ஏராளம். விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அந்நிறுவனத்தின் புதிய டிரைவர், போலிச் சில்லுகளின் பொருள் எண்ணைச் சுழியமாக மாற்றி எழுதியது. சில்லுக்குள் எதுவும் பழுதாகவில்லை. ஆனாலும் சுழியம் என்ற எண்ணுக்கு டிரைவர் இல்லாததால் அந்தக் கருவிகள் செயலற்றுப் போயின. அதை வாங்கியவருக்கு அது போலி என்றே தெரிந்திருக்காது. தண்டனை அவருக்குப் போனது எனக்கு இன்றும் ஏற்க முடியாத செயல். லினக்ஸ் தன் அட்டவணையில் அந்தச் சுழிய எண்ணையும் சேர்த்துக்கொண்டது. ஒரு வரி சேர்ந்ததும் அதே சில்லுகள் மறுபடி வேலை செய்தன.

அதே 2014-இல் பேட்யூஎஸ்பி என்ற தாக்குதலும் விளக்கிக் காட்டப்பட்டது. பென் டிரைவ் போலத் தோன்றும் கருவி, உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றிவிட்டால், "நான் கீபோர்டு" என்று சொல்லிக்கொள்ளும். கெர்னல் வகுப்பு 3-க்கான டிரைவரை முறைப்படி இணைக்கும். புரோப்பும் வெற்றி பெறும், ஏனென்றால் அந்தக் கருவி உண்மையிலேயே கீபோர்டாக நடந்துகொள்கிறது. பிறகு அது தட்டும் கட்டளைகள் எல்லாம் உங்கள் கட்டளைகளாகவே ஓடும். லினக்ஸில் புதிய யூஎஸ்பி சாதனங்களை அனுமதி தரும்வரை நிறுத்தி வைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. யூஎஸ்பிகார்டு என்ற நிரல் அதை விதிகளோடு நடத்தித் தருகிறது. முக்கியமான சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் அதை இயக்கி வையுங்கள். இயக்குவதற்கு முன், இப்போது பயன்படுத்தும் கீபோர்டை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.