உக்ரைனில் கார் ஓட்டப் போறீங்களா? தார் ரோட்டை விட்டு இறங்காதீங்க

வணக்கம். எல்லாரும் நல்லா இருக்கீங்களா? வெளிநாட்டிலேர்ந்து உக்ரைனுக்குப் போறவங்க அங்க கார் ஓட்டும்போது என்னென்ன பாக்கணும்னு இன்னைக்குப் பேசப்போறோம். உதவிப் பொருள் கொண்டு போறவங்க, வேலையா போறவங்க, சொந்தக்காரங்களைப் பாக்கப் போறவங்க, உங்களுக்குத்தான் இது. வேடிக்கை பாக்கப் போறவங்களுக்கு இல்ல. அவங்க போகவே வேண்டாம்.

2022 பிப்ரவரி 24-லேர்ந்து அந்த நாட்டு வான்வெளியில பயணிகள் விமானம் கிடையாது. தரை வழியாத்தான் போகணும். ரயில்ல முடியும்னா ரயில்லயே போயிடுங்க. கட்டாயம் கார்தான் வேணும்ங்கிறவங்க மட்டும் தொடர்ந்து கேளுங்க.

ஏவுகணை விழுந்தா என்ன பண்றதுன்னுதான் எல்லாரும் முதல்ல கேக்கறீங்க. அது எங்க விழும்ங்கிறது நம்ம கையில இல்லங்க. ஆனா தெருவிளக்கே இல்லாத ரோட்டுல, ஊரடங்குக்கு முன்னாடி ஊர் போய்ச் சேரணும்னு 130-ல மிதிக்கிறோம் பாருங்க, அது நம்ம கையிலதான் இருக்கு. அங்க நடக்கற தப்புகள்ல நிறைய அவசரத்துலதான் தொடங்குது. அதனால நேரத்திலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

ஊரடங்கு பெரும்பாலான இடத்துல நடுராத்திரி 12-லேர்ந்து காலை 5 வரைக்கும். மாகாணத்துக்கு மாகாணம் மாறும், போர்முனைப் பக்கம் சீக்கிரமே தொடங்கிடும். போற வழியில எத்தனை மாகாணம் வருதோ, அத்தனைக்கும் தனித்தனியா பாத்து எழுதி வச்சுக்கோங்க. ஊரடங்கு நேரத்துல ரோட்டுல இருக்க சிறப்பு அனுமதி வேணும். அது உங்ககிட்ட இருக்காது.

இப்ப மேற்குல இருக்கற லிவிவ்லேர்ந்து தலைநகர் கீவ். எம்-06 நெடுஞ்சாலை, சுமார் 540 கிலோமீட்டர். மேப் ஏழு மணி நேரம்னு காட்டும். அதை ஒன்றரையால பெருக்குங்க, பத்தரை ஆச்சு. ஊரடங்குக்கு மூணு மணி நேரம் முன்னாடி ரூம்ல இருக்கற மாதிரி பின்னோக்கிக் கணக்கு போடுங்க. காலை பத்தரைக்கு முன்னாடி கிளம்பணும்னு வரும். அதுலயும் டிசம்பர்னா கீவ்ல சாயந்திரம் 4 மணிக்கே இருட்டிடும். அப்ப காலை அஞ்சரைக்கே கிளம்புங்க, இல்ல வழியில இருக்கற ரிவ்னேயிலயோ ஜித்தோமிர்லயோ ராத்திரி தங்குங்க. எல்லையைத் தாண்டற அன்னிக்கு லிவிவ் வரைக்கும் போனா போதும். போலந்துலேர்ந்து உள்ள வர்ற மெடிகா–ஷெஹினி எல்லையில சில நாள் ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் அரை நாளே போயிடும். அன்னிக்கே கீவ் போயிடலாம்னு நினைக்காதீங்க.

காகிதம். ஓட்டுநர் உரிமத்தோட மூலப்பிரதி, சர்வதேச ஓட்டுநர் அனுமதி, வண்டிப் பதிவுச் சான்று, பாஸ்போர்ட், கிரீன் கார்டு இன்சூரன்ஸ். கிரீன் கார்டுங்கிறது வெளிநாட்டுல வண்டி ஓட்டறதுக்கான இன்சூரன்ஸ் சான்று, அதுல நாட்டுக்கு ஒரு கட்டம் இருக்கும். உக்ரைனோட கட்டத்தைக் குறுக்கே கோடு போட்டு அடிச்சிருக்காங்களான்னு பாருங்க. அடிச்சிருந்தா அங்க செல்லாது. அடிக்கலைன்னாலும் அது நீங்க அடுத்தவங்களுக்கு ஏற்படுத்தற சேதத்துக்குத்தான், போரால உங்க வண்டிக்கு வர்ற சேதத்துக்கு இல்ல. வாடகைக் கார் நிறுவனங்கள் பெரும்பாலும் உக்ரைனுக்குள்ள வண்டியைக் கொண்டு போக விடறதில்ல, ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க. வண்டி வேற ஒருத்தர் பேர்ல இருந்தா அவர் கையெழுத்துப் போட்ட அதிகாரப் பத்திரம் வேணும். குடிச்சுட்டு ஓட்டறதப் பத்திப் பேச்சே வேண்டாம், அங்க வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துல 0.2 கிராம் ஆல்கஹால்தான்.

அடுத்தது வழி கண்டுபிடிக்கறது. இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ட்ரோனைத் திசைதிருப்ப ஜி.பி.எஸ். சிக்னலைக் குழப்புவாங்க. திடீர்னு உங்க போன் நீங்க 100 கிலோமீட்டர் தள்ளி ஒரு வயல்ல நிக்கறீங்கன்னு காட்டும். அதை நம்பித் திரும்பாதீங்க. முன்னாடியே ஆஃப்லைன் மேப் இறக்கிக்கோங்க, ஒரு காகித மேப்பும் எடுத்துக்கோங்க. அது போக, ஒரு சீட்டுல வரிசையா ஊர்ப்பேரும் தூரமும் எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டுங்க. லிவிவ்–ரிவ்னே 210, ரிவ்னே–ஜித்தோமிர் 190, ஜித்தோமிர்–கீவ் 140. ட்ரிப் மீட்டரை ஒவ்வொரு ஊர்லயும் பூஜ்ஜியம் பண்ணிட்டா ஜி.பி.எஸ். இல்லாமலே எங்க இருக்கோம்னு தெரியும். பழைய மேப் வச்சிருக்கீங்கன்னா கவனம், ஊர்ப்பேர் மாறியிருக்கு. செர்வோனோஹ்ராத் 2024-லேர்ந்து ஷெப்டிட்ஸ்கி, நோவோமொஸ்கோவ்ஸ்க் இப்ப சமார். போறதுக்கு முன்னாடி சிரிலிக் எழுத்தும் கத்துக்கோங்க. 33 எழுத்துதான், ஒரு வாரம் போதும்.

சிம் ரெண்டு, வேற வேற நிறுவனத்தோடது. 2023 டிசம்பர் 12-ல இணையத் தாக்குதல்ல அங்க பெரிய மொபைல் நிறுவனமான கீவ்ஸ்டாரோட நெட்வொர்க்கே படுத்துடுச்சு. வான் தாக்குதல் எச்சரிக்கை உங்களுக்கு வர்றது போன்ல இருக்கற ஆப் மூலமாத்தான். ஒரே சிம்மை நம்பினா அன்னிக்கு அதுவும் வராது.

இப்ப செக்போஸ்ட். அங்க புளோக்போஸ்ட்னு சொல்வாங்க. கான்கிரீட் கட்டைகளை மாத்தி மாத்திப் போட்டு, வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரி வச்சிருப்பாங்க. தூரத்துலயே வேகத்தைக் குறைச்சிடுங்க. முன்னாடி இருக்கற வண்டியை ஒட்டிப் போய் நிக்காதீங்க, கை காட்டின அப்புறம்தான் முன்னேறணும். ராத்திரின்னா ஹெட்லைட்டை அணைச்சு பார்க்கிங் லைட்டுக்கு வாங்க, உள் விளக்கைப் போடுங்க. அவர் கண்ணுல வெளிச்சம் அடிக்கக்கூடாது, உங்க முகம் அவருக்குத் தெரியணும், அதுக்குத்தான். கண்ணாடியை இறக்குங்க, பாட்டை நிறுத்துங்க, ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல இருக்கட்டும்.

இங்க எப்படிச் சிக்கல் வருதுன்னு சொல்றேன். வீரர் பக்கத்துல வரும்போது ஓட்டறவர் குனிஞ்சு டேஷ்போர்டு அறைக்குள்ள காகிதம் தேடுவார். வெளியிலேர்ந்து பாக்கறவருக்கு அவர் என்ன எடுக்கறார்னு தெரியாது. அதனால காகிதமெல்லாம் உள்ள இருக்கறது தெரியற ஒரு பிளாஸ்டிக் பையில, முதல்லேர்ந்தே கண்ணுக்குத் தெரியற இடத்துல இருக்கணும். இன்னொண்ணு, வரிசை நீளமா இருக்குன்னு செக்போஸ்டுக்கு முன்னாடி யூ-டர்ன் அடிக்கறது, ரிவர்ஸ் எடுக்கறது. தப்பிச்சு ஓடறீங்கன்னுதான் அவங்க நினைப்பாங்க. வரிசை எவ்வளவு நீளம்னாலும் நில்லுங்க.

டேஷ்கேமை அணைச்சா மட்டும் போதாது, கழட்டி பைக்குள்ள வைங்க. ராணுவத்தோட இடத்தையும் நகர்வையும் படம் பிடிச்சுப் பரப்பினா அங்க சிறைத் தண்டனை, 2022 மார்ச்லயே அதுக்குச் சட்டம் வந்தாச்சு. போனைக் காட்டச் சொன்னா காட்டுங்க. ராணுவ வண்டி வரிசையா போனா முந்தாதீங்க, நடுவுல புகாதீங்க, பின்னாடியே ஒட்டிக்கிட்டும் போகாதீங்க. அந்த வரிசையே ஒரு இலக்கு.

கண்ணிவெடி. இதை மட்டும் ரெண்டு தடவை கேளுங்க. ஒரு கட்டத்துல 1,74,000 சதுர கிலோமீட்டர்ல கண்ணிவெடியோ வெடிக்காத குண்டோ இருக்கலாம்னு கணக்கு போட்டிருந்தாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சரிபாத்துக் குறைச்சுட்டு வர்றாங்க. டி.எம்-62-ன்னு ஒரு டாங்கி எதிர்ப்பு கண்ணிவெடி, உள்ள 7 கிலோ வெடிமருந்து. 150 கிலோ அழுத்தம் விழுந்தாலே வெடிக்கும். டாங்கிக்கு வச்சதுன்னு நினைக்காதீங்க, ஒரு கார் சக்கரம் போதும். பி.எஃப்.எம்-1-ன்னு இன்னொண்ணு, கையளவு பிளாஸ்டிக், இலை மாதிரி பச்சையா இருக்கும், புல்லுக்குள்ள கண்ணுக்கே தெரியாது. மிதிச்சா காலே போயிடும்.

அதனால கார்கிவ், கெர்சன், மைகோலைவ், கீவுக்கு வடக்கே, சண்டை நடந்த எந்தப் பகுதியா இருந்தாலும் தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக்கூடாது. வண்டி திருப்பணுமா? தாரிலேயே திருப்புங்க, இடம் பத்தலன்னா அடுத்த ஊர் வரைக்கும் போங்க. சிறுநீர் கழிக்கணுமா? வண்டிக்குப் பின்னாடி, தார் மேலயே. கூச்சப்பட்டுப் புதருக்குப் போகாதீங்க. பஞ்சர் ஆச்சா? ஓரம் கட்டறேன்னு மண்ணுல இறக்காதீங்க, தார் ஓரத்துலயே நிறுத்தி ஹசார்ட் போட்டு, முக்கோணத்தை வச்சு மாத்துங்க. டயர் கிழிஞ்சா கிழியட்டும், ரிம்முல கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்ல. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை பாத்தா அந்தப் பக்கமே வேண்டாம். பலகை இல்லைங்கிறதால அங்க கண்ணிவெடி இல்லைன்னு அர்த்தமும் இல்ல.

தெரியாம உள்ள போயிட்டீங்கன்னா வண்டியை அப்படியே நிறுத்துங்க. ரிவர்ஸ் எடுக்காதீங்க. கதவைத் திறக்காம உள்ளேயே உக்காந்து மீட்புப் படையோட எண் 101-க்கு போன் பண்ணுங்க, ஹாரன் அடிச்சு ஆட்களைக் கூப்பிடுங்க. வண்டி தீப்பிடிச்சா மட்டும், பின்னாடி வழியா இறங்கி நீங்க வந்த டயர் தடத்துலயே கால் வச்சு வெளிய வாங்க.

சைரன் அடிச்சா? நகரத்துல இருந்தா ஆம்புலன்ஸ் போக வழி விட்டு நிறுத்திட்டு, பக்கத்துல இருக்கற பதுங்கிடத்துக்கு நடங்க. நெடுஞ்சாலையில இருந்தா பதறி பிரேக் அடிக்காதீங்க, போய்க்கிட்டே இருங்க. பாலத்துக்கு அடியில, பெட்ரோல் பங்க்ல, மின் நிலையம் பக்கத்துல நிக்காதீங்க. ஷாஹெத்ங்கிற தாக்குதல் ட்ரோனோட சத்தம் மொபெட் ஓடற மாதிரி கேக்கும், அதைக் கேக்கறதுக்காகவே கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைங்க. குண்டு விழுந்த இடத்தைப் பாக்க நிக்கவே நிக்காதீங்க. அதே இடத்துல கொஞ்ச நேரத்துல ரெண்டாவது குண்டு விழறது அங்க பல தடவை நடந்திருக்கு. போர்முனைக்குப் பக்கத்துல எஃப்.பி.வி.ங்கிற, கேமரா வழியா பாத்து ஓட்டற சிறிய ட்ரோன் தனித்தனி காரையே துரத்தி அடிக்குது, கெர்சன் பக்கம் ரோட்டுக்கு மேலயே வலை கட்டியிருக்காங்க. அந்த ரோட்டுல எப்படி ஓட்டறதுன்னு கேட்டா, வெளியாள் அங்க ஓட்டக்கூடாதுங்கிறதுதான் பதில்.

இருட்டு இன்னொரு ஆபத்து. மின்சாரம் போனா சிக்னல் எரியாது. அப்ப முன்னுரிமைப் பலகையைப் பாருங்க. பலகையும் இல்லன்னா வலப்பக்கம் வர்ற வண்டிக்கு வழி விடணும். கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு ஜனங்க ரோட்டைக் கடப்பாங்க, ஊருக்குள்ள 50-ன்னு இருந்தாலும் நீங்க 30-ல போங்க. டாங்கியைத் தடுக்க வச்ச இரும்புக் கட்டைகள் ரோட்டோரம் வெளிச்சத்துல மின்னற பட்டைகூட இல்லாம நிக்கும்.

டேங்க் பாதிக்குக் கீழ இறங்கக்கூடாது. மின்சாரம் இல்லன்னா ஜெனரேட்டர் இருக்கற பங்க்லதான் போடுவாங்க, அங்க கூட்டம் நிக்கும். ஸ்டெப்னி முழு அளவுல ரெண்டு வேணும். பஞ்சர் ஒட்டற திரவ டப்பாவை நம்பாதீங்க, குண்டுச் சிதறல் கிழிச்ச ஓட்டையை அது அடைக்காது. ஜாக்குக்கு அடியில வைக்க ஒரு பலகை, 12 வோல்ட் கம்ப்ரஸர், டோ கயிறு.

அப்புறம் இது, பாருங்க, டூர்னிக்கே. கை கால்ல பீறிட்டு வர்ற ரத்தத்தை நிறுத்தற பட்டை. ஆளுக்கு ஒண்ணு. மலிவான போலி நிறைய விக்குது, திருகற குச்சி இறுக்கும்போதே உடைஞ்சிடும். வாங்கறதுக்கு இதுல மட்டும் காசு மிச்சம் பாக்காதீங்க. காயத்துக்கு 5-லேர்ந்து 7 சென்டிமீட்டர் மேல, மூட்டு மேல வராம கட்டி, ரத்தம் நிக்கற வரைக்கும் திருகி, கட்டின நேரத்தை எழுதுங்க. டிக்கிக்குள்ள வச்சா பயனில்ல. சீட் பெல்ட் போட்டபடியே எந்தக் கையாலயும் எட்டற இடத்துல மாட்டுங்க. பெல்ட்டை எப்பவும் போட்டிருங்க, செக்போஸ்ட்லயும் நின்ன அப்புறம்தான் கழட்டணும்.

கடைசியா ரெண்டு விஷயம், உள்ளூர்க்காரங்க யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. தினமும் காலை 9 மணிக்கு, இறந்தவங்களுக்காக ஒரு நிமிஷ மௌனம். நகரத்துல வண்டியெல்லாம் அப்படியே நிக்கும், சில பேர் இறங்கி நிப்பாங்க. ஹாரன் அடிக்காதீங்க. அதே மாதிரி வீரரோட இறுதி ஊர்வலம் எதிர்ல வந்தா ரோட்டோரமா ஜனங்க முழங்கால் போட்டிருப்பாங்க. தார் ஓரத்துல நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, இறங்கி நில்லுங்க. கடைசி வண்டி தாண்டினப்புறம் எடுங்க.