ரெயின் செக் கேட்டால் வானத்தைப் பார்க்காதீர்கள்

வணக்கம். போன வாரம் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். டல்லாஸில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "கூட வேலை பார்ப்பவரை மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன் அக்கா. 'கேன் ஐ டேக் எ ரெயின் செக்?' என்றார். வெளியே நல்ல வெயில். எனக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் இன்றைக்கு இதைத்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ரெயின் செக் பேஸ்பாலில் இருந்து வந்த சொல். மழையால் ஆட்டம் நின்றுபோனால், டிக்கெட்டின் ஒரு துண்டைக் காட்டி வேறொரு நாள் ஆட்டத்தைப் பார்க்கலாம். 1880களிலேயே இந்த வழக்கம் இருந்தது. இந்த 'செக்' பேங்க் செக் கிடையாது, பரிசோதனையும் கிடையாது. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோமே, அந்த மாதிரி ஓர் அடையாளச் சீட்டு. அமெரிக்கக் கடைகளிலும் இது உண்டு. தள்ளுபடியில் போட்ட பொருள் தீர்ந்துபோனால், சில கடைகளில் ஒரு ரெயின் செக் எழுதித் தருவார்கள். சரக்கு வந்ததும் அதே தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே தம்பி, அவர் சொன்னது இவ்வளவுதான்: இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் வருகிறேன். நாம் "பார்க்கலாம்" என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். அந்தப் "பார்க்கலாம்" போலவே இதிலும் உண்மையான ஆசையும் இருக்கலாம், மரியாதையான மறுப்பும் இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கூப்பிடுங்கள். அப்போதும் அதே பதில் வந்தால், அதற்குமேல் கேட்க வேண்டாம். நீங்களே இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் மட்டும் ஒன்றை மறக்காதீர்கள். சீட்டு இப்போது உங்கள் கையில் இருக்கிறது, அடுத்த நாளைக் குறிக்க வேண்டியவர் நீங்கள்தான். "ஹவ் அபவுட் தர்ஸ்டே?" என்று கூடவே சேர்த்துச் சொல்லிவிட்டால் கூப்பிட்டவர் மனம் வாடாது.

சரி, இதைப் பாருங்கள். நேற்று அட்டையில் வெட்டிவைத்தேன். ஐந்து பக்கம், வீடு படம் போட்டுத் தலைகீழாகத் திருப்பினால் எப்படி இருக்கும், அப்படி. அகலம் 17 அங்குலம். நம் கிரிக்கெட் ஸ்டம்ப் மூன்றும் சேர்ந்தே 9 அங்குலம்தான். இதற்குப் பெயர் ஹோம் பிளேட். மைதானத்தில் இது வெள்ளை ரப்பரில் தரையோடு தரையாகப் பதிந்திருக்கும். பேட்டர் இதன் பக்கத்தில் வந்து நின்றால்தான் பந்து வீசுவார்கள். இங்கிருந்து 60 அடி 6 அங்குலம் தள்ளி, பந்து வீசும் பிட்சர் நிற்பார். ஆபீஸில் யாராவது "சம்படி நீட்ஸ் டு ஸ்டெப் அப் டு த பிளேட்" என்றால் சாப்பாட்டுத் தட்டை நினைக்க வேண்டாம். இந்த வெள்ளைப் பலகையை நினையுங்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மட்டையை எடுத்துக்கொண்டு ஒருவர் முன்னால் வர வேண்டும். பொறுப்பை ஏற்றுக்கொள்ள ஆள் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

அங்கே வந்து நின்ற பேட்டருக்கு நேராக வருவதுபோல் வந்து கடைசியில் வளைந்து இறங்கும் பந்துதான் கர்வ்பால். இன்டர்வியூவில் எதிர்பாராத கேள்வி வந்தால் "தே த்ரூ மீ எ கர்வ்பால்" என்பார்கள். நமக்குக் கூக்ளி என்று சொல்லத்தான் வாய் வரும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அது புரியும். அமெரிக்கர் பெரும்பாலும் விழிப்பார்.

அப்புறம் பால்பார்க் ஃபிகர். நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இதில்தான். பேஸ்பாலில் ஓடுபவர் தொட வேண்டிய இடத்துக்குப் பேஸ் என்று பெயர். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் நடுவே 90 அடி, தொழில்முறை மைதானம் எல்லாவற்றிலும் அதேதான். ஆனால் வெளி எல்லை ஊருக்கு ஊர் மாறும். 1912இல் திறந்த பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் இடது பக்கச் சுவர் 37 அடி உயரம். பால்பார்க் என்றால் அந்த முழு மைதானம். பந்து மைதானத்துக்குள் எங்காவது விழுந்தால் போதும் என்கிற மாதிரி, தோராயமான ஒரு தொகையைக் கேட்கிறார்கள். மேனேஜர் பால்பார்க் கேட்டால் இரண்டு நாள் உட்கார்ந்து எக்செல் போடாதீர்கள். "10,000 முதல் 12,000 டாலர் வரை ஆகும்" என்று அப்போதே சொல்லுங்கள். அவருக்கு இப்போது தேவை வேகம், துல்லியம் அல்ல.

கடைசியாக ஒன்று. பேட்டர் பந்தை அடிக்கத் தவறினாலோ, அடிக்க வேண்டிய பந்தை விட்டுவிட்டாலோ அது ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். இந்த விதி சட்டப் புத்தகம்வரை போய்விட்டது. 1994இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டத்தை 'த்ரீ ஸ்ட்ரைக்ஸ்' என்றே அழைக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு கடுமையான குற்றங்களில் தண்டனை பெற்றவர் மூன்றாவது முறை மாட்டினால் 25 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை. அந்த மூன்றாவது குற்றம் சிறு திருட்டாக இருந்தும் உள்ளே போனவர்கள் உண்டு. 2012இல் மக்கள் வாக்களித்த பிறகுதான் அதைத் தளர்த்தினார்கள். செய்தியில் இந்தச் சொல் வந்தால் அது விளையாட்டுச் செய்தி என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

டல்லாஸ் தம்பி, வருகிற வாரம் அவரை இன்னொரு முறை சாப்பிடக் கூப்பிட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.