சர்க்கரை நோயும் கால் ரத்த ஓட்டமும்: வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

[காட்சி: நடப்பவரின் கெண்டைக்கால்]

நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், கொஞ்ச நேரம் நின்றால் விட்டுவிடும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்கியதற்கு இதுதான் வழக்கமான அடையாளம். சர்க்கரை நோயில் சிக்கல் என்னவென்றால், நரம்பும் மரத்துப்போவதால் இந்த வலியே தெரியாமல் போகலாம். நேராகப் புண்ணில் வந்து நிற்கும்.

[காட்சி: கணுக்காலில் பிரஷர் பட்டை]

அதனால் அளந்து பார்க்க வேண்டும். கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுப்பார்கள். விடை 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது. 1.4-ஐத் தாண்டினால்? ஓட்டம் பிரமாதம் என்று நினைத்துவிடாதீர்கள். தமனிச் சுவரில் கால்சியம் படிந்து கெட்டியானதால் பட்டையால் அதை அமுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கால்சியம் அவ்வளவாகப் படிவதில்லை.

[காட்சி: நடைப்பயிற்சி]

காலில் புண் இல்லை, மருத்துவரும் சரி என்றால் நடங்கள். வலி வந்ததுமே நிறுத்திவிடாமல், ஓரளவு கூடும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் 3 நாள். பலன் தெரிய 12 வாரம் ஆகலாம். சிகரெட் பிடித்துக்கொண்டே இதைச் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளையும் விட்டுவிடக் கூடாது.

[காட்சி: கண்ணாடியில் உள்ளங்கால்]

தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். க்ரீம் அங்கே வேண்டாம், ஈரத்தில் பூஞ்சை வரும். கால் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர்ப் பை வைப்பதுதான் பெரிய தப்பு: சூடு உறைக்காது, தோல் வெந்துபோகும், ஓட்டம் குறைந்த இடத்தில் அந்தப் புண் ஆறாது. வீக்கத்துக்கு இறுக்கமான காலுறையும் ரத்த ஓட்டத்தை அளக்காமல் போடக் கூடாது. கால் ஆணிக்கு பிளேடோ ஆணி பிளாஸ்திரியோ வேண்டவே வேண்டாம்.

[காட்சி: வெளுத்த பாதம்]

சின்னக் கொப்புளம் என்றாலும் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, வலித்தாலோ மரத்தாலோ அதற்குக்கூட நேரம் இல்லை. அடைபட்ட தமனியைச் சில மணி நேரத்தில் திறந்தாக வேண்டும். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.