ஐஸ் பிடித்த ஏணியும் ஒரு தடையுத்தரவும்: ராபர்ட் வாக்னரின் கதை

[திரையில்: நியூயார்க், பத்து மாடிக் கட்டடம், கருப்பு வெள்ளைப் படம்]

1911 மார்ச் 25, சனிக்கிழமை. வேலை முடிகிற நேரத்தில் டிரையாங்கிள் என்ற தையல் கம்பெனியில் தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். தீயணைப்பு வண்டியின் ஏணி அந்த உயரத்துக்கு எட்டவில்லை. 146 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் பிழைக்க வந்த குடும்பங்களின் இளம்பெண்கள்.

மாநில அரசு ஒரு கமிஷன் போட்டது. கமிஷன் என்றாலே கிணற்றில் போட்ட கல்தானே? இது அப்படி ஆகவில்லை. அதன் தலைவர் ராபர்ட் வாக்னர். ஜெர்மனியிலிருந்து சிறுவனாக வந்தவர், அப்பா ஒரு குடியிருப்பில் காவல் காத்து, கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர். வாக்னர் வக்கீலாகி, டாமனி ஹால் என்கிற கட்சிக் கும்பலின் தயவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்து, 33 வயதில் மாநில மேலவையின் பெரும்பான்மைத் தலைவர் ஆகியிருந்தார். டாமனிக்கு ஊழல் பெயர் உண்டு. அங்கிருந்து இப்படி ஒருவர் வந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

[திரையில்: பிரான்சிஸ் பெர்கின்ஸ்]

கமிஷனுக்காக வேலை செய்த பெர்கின்ஸ் அம்மையார் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு தொழிற்சாலையில் ‘தீ வந்தால் வெளியேறும் வழி’ என்று எழுதியிருந்த சின்ன ஓட்டைக்குள் வாக்னரையே தவழ்ந்து போகச் சொன்னார். வெளியே ஐஸ் பிடித்த ஏணி. அதுவும் தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிந்துவிட்டது!

அதற்கப்புறம் சட்டங்கள் வரிசையாக வந்தன: வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது, தீ ஒத்திகை நடத்த வேண்டும், பெரிய கட்டடங்களில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி வைக்க வேண்டும்.

1919-ல் வாக்னர் நியூயார்க் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த மாநிலத்தில் சுப்ரீம் கோர்ட் என்பது விசாரணை நீதிமன்றம், உச்சியில் இருப்பது வேறு.

அந்தக் காலத்தில் தடையுத்தரவு முதலாளிகளின் ஆயுதம். ஸ்ட்ரைக் என்றால் உடனே கோர்ட்டுக்கு ஓடுவார்கள். 1921 கடைசியில் கோட்டு தைக்கும் முதலாளிகள் சங்கம், தொழிலாளர்களோடு போட்ட ஒப்பந்தத்தை மீறி பீஸ் ரேட்டை, அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி முறையை, திரும்பக் கொண்டுவந்தது. இந்த முறை கோர்ட்டுக்குப் போனது தொழிற்சங்கம். 1922 ஜனவரியில் வாக்னர் முதலாளிகளுக்கு எதிராகவே தடை போட்டார். ஒப்பந்தம் இரண்டு பக்கத்தையும் கட்டும், அவ்வளவுதான் வாதம்.

[திரையில்: வாஷிங்டன், 1935]

பிறகு அமெரிக்க செனட்டுக்குப் போனார். சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் உரிமை தந்த 1935 சட்டத்தை இன்றும் வாக்னர் சட்டம் என்றே சொல்கிறார்கள். முதலாளிகள் சும்மா இருப்பார்களா? வழக்கு போனது. 1937-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது, 5-க்கு 4. இந்த முறை நிஜமான சுப்ரீம் கோர்ட்.