அழவில்லை என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தமா?

செவிலியர்களும் குறைமாதக் குழந்தைகளைப் பெற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அரங்கு இது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்குபேட்டருக்குள் குழந்தை அசையாமல் கிடந்தால் "சமத்தாகத் தூங்குகிறது" என்கிறோம். எனக்கு அந்தச் சமத்தின் மேல் எப்போதும் சந்தேகம்தான்.

28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு வாய்விட்டு அழத் தெம்பு ஏது? மூச்சுக்குழாயில் டியூப் இருந்தால் அழுதாலும் சத்தம் வராது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது கையைப் பாருங்கள்: ஐந்து விரலும் விசிறியாக விரியும். கால்கள் அந்தரத்தில் விறைத்து நீளும். புருவம் நெரியும், கண் இறுகும். தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மானிட்டரில் இதயத்துடிப்பு ஏறும், ஆக்சிஜன் அளவு இறங்கும். பிறகு உடம்பு துவண்டுவிடும். அந்த அமைதியைத்தான் நாம் தூக்கம் என்று எழுதிவைக்கிறோம். பல நேரம் அது களைப்பு.

கொட்டாவி, தும்மல், விக்கல், முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாமே "இப்போது போதும்" என்பதாக இருக்கலாம். நாமோ அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுக்கிறோம்! ஒரு கொட்டாவிக்குப் பயப்பட வேண்டாம். நாலைந்து அறிகுறிகள் சேர்ந்து வந்தால் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

இதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் ஹைடெலிஸ் ஆல்ஸ். 1980களில் இந்த அசைவுகளைக் குழந்தையின் மொழியாகவே எடுத்துக்கொண்டு பராமரிப்பு முறையை வகுத்தார். பச்சிளங்குழந்தைக்கு வலி உறைக்காது என்று நம்பி, போதுமான மயக்கமருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை செய்த காலமும் உண்டு. அதை அசைத்தது 1987இல் மருத்துவர் கே. ஜே. எஸ். ஆனந்தும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு. அறுவை சிகிச்சையின்போது வலிமருந்தும் கொடுத்த குறைமாதக் குழந்தைகளின் உடலில் மன அழுத்த ஹார்மோன்கள் குறைவாகவே ஏறின.

குழந்தை தன்னைத் தானே தேற்றிக்கொள்ளவும் பார்க்கும். கையை வாய்க்குக் கொண்டுபோகும், பாதத்தால் எதையாவது உதைத்து ஊன்றத் தேடும். அங்கே உங்கள் கை இருக்கட்டும். ஒரு கை தலையில், இன்னொன்று மடங்கிய கால்களில், அசைக்காமல். லேசாக வருடுவது வேண்டாம், அது எரிச்சல்தான். சத்தம் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது பரிந்துரை. இன்குபேட்டர் மேல் ஃபைலைப் போடும் அன்பர்கள் கவனிக்க, உள்ளே அது இடிச்சத்தம்.

பெற்றவர்களே, குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ளும் கங்காரு முறையை எப்போது தொடங்கலாம் என்று நீங்களாகவே கேளுங்கள். குத்தப்போகும் நேரத்தையும் கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று கால்களை மடக்கிப் பிடிக்க, செவிலியரைவிட உங்களுக்குக் கை காலியாக இருக்கும்.