பெட்டிக்குள் படம் ஏன் இரண்டாகவே தெரிகிறது?

அடுத்த கேள்வி செந்தூலிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. சப்பாத்துப் பெட்டியில் இரண்டு பூதக்கண்ணாடிகளைப் பொருத்தி, முப்பரிமாணப் படம் பார்க்கும் கருவி செய்திருக்கிறார். பத்துமலை முருகன் சிலையை, கண்ணுக்கு ஒன்றாக இரண்டு முறை படமெடுத்து உள்ளே வைத்தாராம். "இரண்டு படமாகவே தெரிகிறது, கண்தான் வலிக்கிறது. கண்ணாடி மட்டமானதா அண்ணா?" என்கிறார்.

கண்ணாடி பாவம், அதைத் திட்டாதீர்கள். ஒரே 4ஆர் அளவு புகைப்படத் தாளில் இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தத் தாளின் நீளம் சுமார் 15 செ.மீ. ஆகவே ஒரு படத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு 7.5 செ.மீ. வந்துவிடுகிறது. நம் கண்மணிகளுக்கு இடையே இருப்பதோ சுமார் 6.3. கண்கள் மூக்குப் பக்கம் எளிதாகத் திரும்பும். காதுப் பக்கம் விலகச் சொன்னால் அடம்பிடிக்கும். வலி அதனால்தான். படங்களை 6 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, நெருக்கி ஒட்டுங்கள். 1849இல் ஸ்காட்லாந்து அறிவியலாளர் டேவிட் புரூஸ்டர் அமைத்த இதே மாதிரிக் கருவியில் பாதியாக வெட்டிய வில்லைகள் இருந்தன. அவை ஒளியைப் பக்கவாட்டில் வளைத்துக் கொடுத்ததால், படங்கள் சற்று விலகியிருந்தாலும் கண் விலக வேண்டியதில்லை. முழுக் கண்ணாடியின் நடுவழியாகப் பார்க்கும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

பெட்டியின் ஆழத்தையும் சரிபாருங்கள். சன்னலுக்கு எதிரே உள்ள சுவரருகே பூதக்கண்ணாடியைப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எதிர் அடுக்குமாடி தலைகீழாக, துணி காயும் கம்பி வரை தெளிவாகச் சுவரில் விழும். அப்போது கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தில்தான் படம் இருக்க வேண்டும். நடுவே ஒரு கறுப்பு அட்டைத் தடுப்பு. இடது படம் இடது கண்ணுக்குத்தான்; மாறிவிட்டால் முன்னால் இருப்பது பின்னால் போய்விடும்.

இன்னொன்று. எடுக்கும்போது கைப்பேசியை 6 செ.மீ. மட்டும் நகர்த்தியதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் பூச்சட்டிக்கு அது போதும், தூரத்தில் நிற்கும் 42.7 மீட்டர் உயர முருகனுக்குப் போதாது, அட்டை மாதிரித் தட்டையாக நிற்பார். தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர வேண்டும் என்பது பழைய கணக்கு. 60 மீட்டர் தள்ளி நின்றால் பக்கவாட்டில் 2 மீட்டர், அதாவது மூன்று எட்டு எடுத்து வைக்கும் தூரம். முன்னால் ஆட்கள் யாரும் படத்துக்குள் வரக்கூடாது.

ஆனால் பத்துமலைப் புறாக்களை என்ன செய்வது? ஒரு படத்தில் இருக்கும் புறா மற்றதில் இருக்காது; பெட்டிக்குள் பார்த்தால் ஆவி மாதிரி மினுக்கும். யாராவது தீனி போட்டு, அவை கீழே இறங்கி மேயும் நேரமாகப் பார்த்து எடுங்கள்.