கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பேட்டை

வந்திருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்தோனேசியாவின் கிழக்கே, வட மலுக்கு மாநிலத்தில், தெர்னாத்தே என்றொரு சிறு துறைமுக நகரம் இருக்கிறது. அந்த நகரம் முழுவதையும் இன்று நான் பேசப் போவதில்லை. டச்சுக்காரர் கட்டிய ஓரானியே கோட்டையைச் சுற்றி காமலாமா, மகாசார், முஹாஜிரின், ஃபலாஜாவா என்ற பெயர்களில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கிற சில தெருக்களைப் பற்றித்தான் பேச்சு. தெர்னாத்தே என்றாலே சுல்தான்கள், போர்த்துகீசியர், டச்சுக்காரர் என்று வரிசையாக எழுதிவிடுவார்கள். இந்தத் தெருக்களை ஆக்கியவர்கள் வேறு ஆட்கள் என்பது என் எண்ணம். கப்பலில் வந்து இறங்கி, திரும்பிப் போக வழியில்லாமலோ மனமில்லாமலோ இங்கேயே தங்கிவிட்டவர்கள் அவர்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெர்னாத்தே ஒரு தீவு. காமலாமா என்ற எரிமலைதான் அந்தத் தீவு; தெருவுக்கும் அதே பெயர்தான். உயரம் 1,715 மீட்டர். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். கடலோரத்து ஒட்டு நிலத்தில்தான் ஊர். அங்கே ஆறு கிடையாது. மலையிலிருந்து இறங்கும் வறண்ட ஓடைகள் உண்டு, 'பராங்கா' என்பார்கள். ஆண்டில் பெரும்பாலான நாள் அவை காய்ந்துதான் கிடக்கும். 2011 டிசம்பரில் மலை பொங்கிய பிறகு பெய்த மழையில், சாம்பலும் பாறையும் கலந்த சேறு அந்த ஓடைகள் வழியாகவே இறங்கி வீடுகளை அடித்துப் போனது, உயிர்களும் போயின. இப்படிப்பட்ட மலையடிவாரத்தில் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் வந்து முட்டி மோதியதற்குக் காரணம் ஒரு மொட்டு. 18ஆம் நூற்றாண்டு வரை கிராம்பு என்பது மலுக்குத் தீவுகளின் சரக்கு மட்டுமே. அதிலும் ஆதியில் தெர்னாத்தே, திதோரே, மோத்தி, மாக்கியான், பாச்சான் என்ற ஐந்து தீவுகளே அதன் தாயகம்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த சூரியதேவன் என்ற கெலிங் வணிகர் மலுக்குவுக்கும் பாண்டா தீவுகளுக்கும் சரக்குக் கப்பல் அனுப்பி வந்ததைப் போர்த்துகீசியக் குறிப்புகள் சொல்கின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களை அங்கே கெலிங் என்றுதான் அழைத்தார்கள். கோட்டைகள் எழும்புவதற்கு முன்பே அந்தக் கடல்வழி நம்மவர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

போர்த்துகீசியர் 1522இல் தீவின் தென்மேற்கே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். 1570இல் சுல்தான் ஹைருனை அந்தக் கோட்டைக்கு வரவழைத்துக் கொன்றார்கள். அவர் மகன் பாபுல்லா ஐந்தாண்டு முற்றுகையிட்டு 1575இல் அவர்களைத் துரத்தினார். 1606இல் ஸ்பானியர் வந்தார்கள். சுல்தானைப் பிடித்து மணிலாவுக்குக் கொண்டு போனார்கள். தெர்னாத்தேக்காரர்கள் டச்சுக்காரர்களைத் துணைக்கு அழைத்தார்கள். 1607இல் டச்சுத் தளபதி மாத்தெலீஃப், மலாயு என்ற குடியிருப்பில் இருந்த பழைய கோட்டை இடிபாட்டின் மேல் புதிதாக ஒன்றைக் கட்டினார். அதுதான் ஓரானியே. 1619இல் ஜகார்த்தாவில் பத்தாவியா எழும் வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆசியத் தலைமை இடம் போலவே இது இயங்கியது.

அழைத்து வந்த துணை கடைசியில் என்ன செய்தது? 1652இல் சுல்தான் மந்தார் ஷாவுடன் கம்பெனி ஓர் ஒப்பந்தம் போட்டது. கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்க்க வேண்டும். ஈடாக அரண்மனைக்கு ஆண்டுதோறும் பணம் வரும். கிராம்பு இனி தெற்கே அம்போன் தீவுப் பக்கத்தில் மட்டும் விளையும். அரண்மனைக்குப் பணம் வந்தது. மரத்தை நட்டு வளர்த்த குடியானவனுக்கு என்ன வந்தது? இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. ஒரு நாட்டின் பயிரை அந்த நாட்டு மண்ணிலிருந்தே பிடுங்கச் சொல்லி, அதற்கு ஒப்புதல் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

மரம் போனாலும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. கோட்டைக்குப் பக்கத்திலேயே தெற்குச் சுலவேசியிலிருந்து வந்த மகாசார்க்காரர்களின் குடியிருப்பு இருக்கிறது. அடுத்து சீனர் தெரு. கடல் தெய்வமான மாட்சுவுக்கு அங்கே தியான் ஹோ கியோங் என்ற கோயில். ஜாவாக்காரர்களும் அரபு வணிகர்களும் கடலோரத்துத் தெருக்களில் குடியேறினார்கள். விரும்பி வந்தவர்கள் இவர்கள். கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்ட ஒருவரும் உண்டு. சுமத்ராவில் இருக்கும் பலெம்பாங்கின் சுல்தான் மஹ்மூத் பதருத்தீன் டச்சுக்காரர்களிடம் தோற்றதும் நாடு கடத்தப்பட்டு இந்தத் தீவுக்கு வந்தார். முப்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்து 1852இல் மறைந்தார். பின்னாளில் பத்தாயிரம் ரூபியா நோட்டில் அச்சான முகம் அவருடையதுதான்.

தானாக வந்த இன்னொருவர் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1858 ஜனவரியில் வந்து கோட்டைக்கு மேல்புறத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஆழமான கிணறு, குளிர்ந்த நல்ல தண்ணீர், ஐந்து நிமிடம் நடந்தால் சந்தையும் கடற்கரையும் என்று தன் வீட்டைப் பற்றி மகிழ்ந்து எழுதியிருக்கிறார். இயற்கைத் தேர்வு பற்றிய கட்டுரையை டார்வினுக்கு அனுப்பியது இந்த ஊரிலிருந்துதான். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று லண்டனில் அது வாசிக்கப்பட்டது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவருடைய உதவியாளர் அலிதான் முக்கியம். போர்னியோ தீவின் சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த மலாய்ப் பையன். சமையல் தொடங்கி பறவைகளைச் சுட்டுத் தோலுரித்துப் பதப்படுத்துவது வரை கற்றுக்கொண்டவர். வாலஸ் சேகரித்த பறவைகளில் பெரும்பங்கு அவர் கையால் வந்ததே. தெர்னாத்தேயிலேயே பெண் எடுத்தார். வாலஸ் ஊர் திரும்பினார், அலி தங்கிவிட்டார். 1907இல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தெர்னாத்தேக்குப் போனபோது ஒரு கிழவர் வந்து, 'நான்தான் அலி வாலஸ்' என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

இன்றைக்கு அந்தத் தெருக்களில் நடந்தால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. கிராம்புப் பருவத்தில் வீட்டு வாசலிலும் சாலை ஓரத்திலும் தார்ப்பாயை விரித்துக் காயவைத்திருப்பார்கள். பறித்து வந்த கொத்தைக் கையில் பிடித்து, மொட்டு வேறு காம்பு வேறாக முறித்து எடுக்க வேண்டும். பச்சையும் சிவப்புமாக விரிக்கிற மொட்டு சில நாள் வெயிலில் பழுப்பாகி, எடை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நடுவில் மழை பிடித்தால் உழைப்பு வீண். இந்தோனேசியாவில் விளையும் கிராம்பில் பெரும்பகுதி கிரெத்தெக் என்ற கிராம்பு கலந்த சிகரெட்டுக்குள் போய்ப் புகையாகிறது. சமையலுக்குப் போவது கொஞ்சம்தான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் எப்படி? கோஹு என்று ஒன்று செய்கிறார்கள். அன்று பிடித்த சூரை மீனைப் பச்சையாகவே சிறு துண்டாக நறுக்கி, உப்பும் சிறு எலுமிச்சைச் சாறும் பிசறுவார்கள். நம் திருநீற்றுப் பச்சிலையின் இனத்தைச் சேர்ந்த ஒரு இலையைக் கிள்ளிப் போட்டு, வெங்காயமும் மிளகாயும் தாளித்த தேங்காய் எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்க மேலே ஊற்றுவார்கள். அந்த மீன் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. சூடு எல்லாம் அந்த எண்ணெயில் வருவதுதான். மீன் புதிதாக இல்லாவிட்டால் இதைச் செய்யவே முடியாது.

பல இனமும் ஒன்றாக வாழ்ந்த சொர்க்கம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. 1999இல் மலுக்குவை எரித்த மதக்கலவரம் அந்த நவம்பரில் தெர்னாத்தேக்கும் வந்தது. கிறித்தவக் குடும்பங்கள் கிடைத்த கப்பலில் ஏறி வட சுலவேசிக்கு ஓடின. அவர்களில் பலர் திரும்பி வரவில்லை. வந்து தங்கிவிட்டவர்கள் ஆக்கிய பேட்டை இது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அங்கிருந்து துரத்தப்பட்டவர்களும் அதே கணக்கில் சேர வேண்டியவர்கள்.

அதே 1999இல்தான் வட மலுக்கு தனி மாநிலமானது. தலைநகர் 2010இல் எதிர்க்கரையில் உள்ள சோஃபிஃபிக்குப் போனது. ஆனால் அரசு ஊழியர்களில் பலர் இன்றும் தெர்னாத்தேயில் குடியிருந்து, காலையில் விசைப்படகில் ஏறி முக்கால் மணி நேரம் கடல் கடந்து அலுவலகம் போகிறார்கள். இந்தப் பக்கம் கடலைத் தூர்த்து நிலமாக்கிக் கொண்டே வந்ததில், ஒரு காலத்தில் கரையோரம் நின்ற கோட்டை இப்போது உள்ளே தள்ளிப் போய்விட்டது. புது நிலத்தில் வணிக வளாகம் வந்திருக்கிறது. வாலஸ் மெச்சிய கிணற்று நீர் இருக்கிறதே, அந்த நிலத்தடி நீரை நம்பித்தான் தீவே குடிக்கிறது. கரையோர ஊற்றில் உப்பேறத் தொடங்கிவிட்டது. இந்த ஊருக்கு இன்று எரிமலையைவிடப் பெரிய கவலை இதுதான் என்பேன்.

கோட்டைக்குள் நெடுங்காலம் ராணுவ, போலீஸ் குடும்பங்கள் குடியிருந்தன. பிறகு அவர்களை வெளியேற்றிச் சுவர்களைச் சீர்படுத்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கொத்தளங்களுக்கு நடுவே துணி உலர்த்திப் பிள்ளை வளர்த்த காலமும் கோட்டையின் வரலாறுதான். அங்கே எழுதி வைக்கும் பெயர்களில் மாத்தெலீஃப் இருக்கட்டும், வாலஸ் இருக்கட்டும். அவர்களுக்குப் பக்கத்தில் அலியின் பெயரும், மரத்தை வெட்டக் கொடுத்த குடியானவர்களுக்கு ஒரு வரியும், 1999இல் கப்பலேறிய குடும்பங்களுக்கு ஒரு வரியும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவு நேரம் கேட்டிருந்ததற்கு நன்றி. வணக்கம்.